கயிறு கட்டிய சதுரம்

"இது உன் செவலை மாட்டு மணிதானே? வாயத் தொறந்து சொல்லு மச்சான்!"

வயலில் கிடந்த மணியை ஒரு கையில் நீட்டியபடி, மக்காச்சோளக்காரன் தன் மனைவியின் அண்ணனுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். பின்னால், தராசோடு வந்திறங்கிய விவசாய ஆபீசர் திகைத்து நின்றார். அவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து பைக்கில் கூட்டி வருவதற்குள் மாடுகள் வயலையே மேய்ந்து முடித்திருந்தன.

வரப்போரம் மனைவி நட்ட தக்காளிச் செடிகள் மட்டும், சுற்றிப் போட்ட பச்சை முள்ளுக்குள் இலை குறையாமல் நின்றன.

ஊரே வறட்சியில் காய்ந்தபோது, புருஷனும் பொண்டாட்டியும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த பயிர். ஊர் விளைச்சலை அளக்க ஒரு வயலைக் குலுக்கிப் போட்டு எடுத்தபோது விழுந்ததும் இதே வயல்தான். இங்கே கயிறு கட்டிய சதுரத்துக்குள் விளைந்ததை ஆபீசர் எடை போடுவார். எடை குறைந்தால் ஊருக்கே அரசு நிவாரணம். நன்றாக விளைந்திருந்தால் ஒருத்தருக்கும் கிடையாது.

"நேத்து வந்து, 'ஊருக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடு'ன்னு கெஞ்சின. முடியாதுன்னேன். நாளைக்குக் கதிர் ஏத்த லாரி வருது, தெரியுமில்ல? அதுக்குள்ள மாட்டை ஏவி விட்டுட்டியே!"

"விடணும்னா உன் முகத்துக்கு நேரா விட்டிருப்பேன். என் வயல் கருகிப் போச்சுதான். அதுக்காக நான் திருட்டுப்பயலா?"

பளாரென்று ஓர் அறை. மச்சான் கன்னத்தைத் தடவிக்கொண்டானே தவிர, திருப்பி அடிக்கவில்லை.

சதுரத்தில் மிஞ்சிய நாலைந்து கதிரை ஒடித்துத் தட்டில் வைத்தார் ஆபீசர்.

"மாடு மேஞ்சுதா, மழை பொய்ச்சுதான்னு விசாரிக்கிறது என் வேலை இல்லப்பா. நிக்கிறதை எடை போடணும், அவ்வளவுதான். ஊருக்கு நிவாரணம் உண்டு."

மக்காச்சோளக்காரன் வரப்பில் நின்ற மனைவி பக்கம் திரும்பினான். "பாத்தியா உன் அண்ணன் லட்சணத்த? இனி இவன் மூஞ்சில முழிப்பியா நீ?"

அவள் அண்ணனின் சிவந்த கன்னத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனை.

"கோடை பூரா உங்க வயலுக்குத் தண்ணி சுமந்தேனே... எங்க அண்ணன் வீட்டு அடுப்பும் எரியட்டும்னு ஒருநாள் நான் அந்த மாடுங்கள அவுத்து விட்டது தப்பா, சொல்லுங்க?"