சாமந்திக்குக் காவல்

சாமந்தி வளர்ப்பது தோட்ட வேலையல்ல, தவம். இதை எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சிலரிடம் இரண்டு முறை. நவம்பர் கோயில் கண்காட்சியில் முதல் பரிசு எனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

கண்காட்சி நாளும் வந்தது. என் தொட்டிகளில் ஒரு மொட்டுகூட இல்லை. பூவைத் தாங்க நான் கட்டிய கம்பி வளையங்கள் காலியாக நின்றன.

"பக்கத்து வீட்டு ஹோரிகோஷி ஏதோ பண்ணிட்டான்" என்றேன் மனைவி சவாகோவிடம்.

"இடுப்பு வலியில அவரால குனியவே முடியல. உங்க செடிய என்னங்க பண்ணப்போறாரு?"

நான் கிள்ளி எறிந்த கொழுந்துகளை அவள் கொல்லைப்பக்கம் ஓர் ஓட்டை வாளியில் நட்டிருந்தாள். அது பூத்துக் குலுங்கியது. வாளியோடு தூக்கிக்கொண்டு போனாள். முதல் பரிசு.

மறுநாள் சாயங்காலம் என் செடிகளை அடியோடு வெட்ட உட்கார்ந்தேன். வேலிக்கு அப்பால் ஹோரிகோஷி, இடுப்பைப் பிடித்தபடி தலை வணங்கினார்.

"முனெகாதா சான், மன்னிக்கணும். ராத்திரி இருட்டா இருந்தாத்தான் சாமந்தி மொட்டு வைக்கும். ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கணும். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"நமக்குள்ள என்னங்க கூச்சம்?" என்றேன் பெருந்தன்மையாக.

அவர் எங்கள் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கூரையோரம் என் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. தினமும் அது விடியும்வரை எரியும்.

ஹோரிகோஷி தொட்டிகளைத் திருடிவிடுவாரோ என்று ஆகஸ்டில் நான் மாட்டியது.