நாற்பதுக்கு நாற்பது

"மெஷினா, நீங்களான்னு பிள்ளைங்களே சொல்லட்டும்" என்றார் தலைமையாசிரியை.

பாடம் நடத்தும் ஏ.ஐ.யும் வரலாற்று ஆசிரியரும் அந்த வகுப்பை ஒரு மாதமாகப் பங்குபோட்டு வந்தார்கள். இனி ஒருவருக்குத்தான் இடம். பிள்ளைகள் எழுதிப் போட்ட சீட்டுகளைப் பிரித்தார்கள். நாற்பதும் சாருக்கே.

தலைமையாசிரியை போனதும் சார் பிள்ளைகளிடம் கேட்டார்.

"அது என்னைவிட நல்லாத்தானே நடத்துச்சு? அப்புறம் ஏம்மா எனக்குப் போட்டீங்க?"

வகுப்பு லீடர் எழுந்தாள். "சொன்னா திட்டக் கூடாது சார்."

"திட்டல. சொல்லு."

"அது எந்நேரமும் எங்களையே பாத்துக்கிட்டிருக்கு சார். போர்டுப் பக்கம் திரும்பவே மாட்டேங்குது."

சார் நாற்பது முகங்களையும் ஒருமுறை பார்த்தார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பினார்.

அன்றைய தேதியை எழுதி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.