ஒருவரும் திறக்காத கல்யாண மெயில்

“இந்தத் தடவை நான் ஏமாறல தனுஜா. கல்யாணப் பத்திரிகைன்னு பார்த்தவுடனே கேன்சல் அமுக்கிட்டேன்.”

ஒரு வார லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள் தனுஜா. கைப்பையைக்கூட மேசையில் வைக்கவில்லை. அதற்குள் சிவநேசன் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

“கேன்சலாண்ணே?” என்றாள்.

“கேன்சல்தான். தொட்டிருந்தா இந்நேரம் நான் ஸ்டோர்ல மூட்டை எண்ணிக்கிட்டு இருப்பேன்லா.”

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்த அந்தச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு முழுக்க தனுஜாவின் பொறுப்பு. மாதம் ஒரு பொய் மெயில் அனுப்பி, யார் ஏமாறுகிறார்கள் என்று சோதிப்பாள். ஒருமுறை இலவச டுரியான் பழக் கூப்பன். அடுத்த முறை போனஸ் கடிதம். இரண்டையும் யோசிக்காமல் டவுன்லோடு செய்த ஒரே ஆள் சிவநேசன். டுரியான் என்றால் பினாங்குக்காரன் கை எப்படிச் சும்மா இருக்கும் என்று அவர் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை.

இன்னொரு முறை மாட்டினால் மாக் மண்டின் கிடங்குக்கு மாற்றல் என்று மேனேஜர் சாதிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. தினமும் கடலைத் தாண்டி அக்கரை பட்டர்வொர்த்தில் இருக்கும் அந்தக் கிடங்குக்குப் போவதைக்கூட சிவநேசன் பொறுத்துக்கொள்வார். ஆபீசுக்குக் கீழே இருக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடையைப் பிரிவதுதான் அவரால் முடியாது.

அதன் பிறகு தனுஜா எல்லாருடைய பிரவுசர் செட்டிங்ஸையும் மாற்றினாள். இனி எந்த ஃபைலும் தானாக இறங்காது. இறக்கலாமா, எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். ஒரு வகுப்பும் எடுத்தாள். தெரிந்தவர் பெயரில் வருவதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அதிலும் நல்ல செய்தி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். சிவநேசன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

அவள் லீவில் போன அன்றே அந்த மெயில் வந்தது. ‘என் கல்யாணத்துக்கு அவசியம் வரணும். பத்திரிகை இணைப்பில் இருக்கு. அன்புடன், தனுஜா.’

சிவநேசனுக்கு ஆசை தாங்கவில்லை. இந்தப் பெண்ணுக்குக் கல்யாணமா, மாப்பிள்ளை யார் என்று இணைப்பை அழுத்தியே விட்டார். பிரவுசர் நின்று கேட்டது: ‘இந்த ஃபைலை டவுன்லோடு செய்யலாமா?’ அந்த ஒரு நொடியில் மாக் மண்டின் அவர் கண்முன்னே வந்து போனது. சட்டென்று கேன்சலை அமுக்கினார்.

“எதை வச்சுண்ணே பொய்னு முடிவு பண்ணீங்க?” தனுஜா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி அவர் ஆரம்பித்தார். மெயில் ஆபீஸ் முகவரியிலிருந்து வரவில்லை. அது போகட்டும், கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் இங்கே ஒரு ஆளுக்காவது தெரியாமல் இருக்குமா? தனுஜாவின் பிறந்தநாள் எப்போது என்றுகூட ஆபீசில் யாருக்கும் தெரியாது. கேட்டால் பிரைவசி என்பாள். இந்த லீவுக்கும் ‘சொந்த வேலை’ என்றுதானே எழுதிக் கொடுத்தாள்?

பக்கத்து மேசையிலிருந்து கணக்குப் பிரிவு ஷஹீதாவும் சேர்ந்துகொண்டாள். “உங்க ஆளுங்க பத்திரிகையை மெயில்லயா அனுப்புவாங்க? தட்டுல வச்சு, வெத்தலை பாக்கோட கையில கொடுப்பாங்கலா. அங்கதான் தனுஜா நீ கோட்டை விட்டுட்ட.”

தனுஜா மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். சோதனையில் தோற்றுவிட்ட வருத்தம் போலிருக்கிறது என்று சிவநேசன் நினைத்தார். ஆறுதலுக்காக மீதியையும் சொன்னார். அவர் தப்பித்ததோடு நிற்கவில்லை. மேசை மேசையாகப் போய் எல்லாரையும் எச்சரித்தார். டிரைவர்களுக்கும் சொன்னார். கிடங்குக்கே ஃபோன் போட்டுச் சொன்னார்.

“ஒருத்தர்கூடவா திறக்கல?” என்றாள்.

“ஒருத்தரையும் நான் தொட விடல,” என்றார் சிவநேசன்.

அப்போது மேனேஜர் சாதிக் கறி பஃப் பெட்டியோடு வந்தார். ஒரு ஆள்கூட ஏமாறாமல் போனது இதுதான் முதல் தடவை என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். தன் கைகூட ஒரு நிமிஷம் தடுமாறியதை ஒப்புக்கொண்டு, இவ்வளவு தந்திரமான மெயிலை எழுதியதற்காக தனுஜாவைப் பாராட்டினார். பிறகு சிவநேசனின் தோளைத் தட்டி, இனி மாக் மண்டின் பேச்சே கிடையாது என்றார். சிவநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் இப்படிப் பாஸ் செய்ததில்லை. முதல் கறி பஃபை எடுத்து தனுஜாவிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மற்றவர்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

“அடுத்த சோதனை எப்பம்மா? எதை வேணும்னாலும் அனுப்பு, நான் ரெடி,” என்றார் சிவநேசன்.

“இந்த மாசச் சோதனையையே நான் இன்னும் அனுப்பலண்ணே. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம், ஆபீசுக்குன்னு நாலு மேசை போடச் சொல்லியிருக்கேன்,” என்றாள் தனுஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “தட்டுல வச்சுக் கையில கொடுடின்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க.”