குழாய்க்கு ஒரு பொன்னாடை

"ஏலே வினோத், நிறுத்து! கொஞ்சம் பின்னால போ. அந்தக் குழாயில என்னலே சுத்தியிருக்கு?"

சுயம்புலிங்கம் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இங்கிலாந்தில் இருக்கிற மகனிடம், வீட்டைச் சுற்றி விழுந்த பனியைச் சம்பந்திக்குக் காட்டச் சொன்னவரே அவர்தான். வெள்ளை வெளேரென்று தோட்டம் வந்தது, வேலி வந்தது, சுவர் வந்தது. சுவரோரம் ஒரு கழிவுக் குழாயும் வந்தது. அதில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளே அரக்குச் சிவப்பில் சரிகை மின்னியது.

"அது... ஒரு துணிப்பா."

"துணியா? ஏலே, அது எம் பொன்னாடைலே!"

பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தான் வாங்கி வந்த பால்கோவாவைத் தானே ருசித்துக்கொண்டிருந்த சம்பந்தி தங்கச்சாமி, கரண்டியைக் கீழே வைத்தார்.

வைக்காமல் என்ன செய்வார்? அந்தப் பொன்னாடையைப் போட்டவரே அவர்தான். போன மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர்களுக்குச் சுயம்புலிங்கம் போர்வை வழங்கினார். போர்வை என்னவோ கொசுவலை கனம்தான். மூலையில் அச்சடித்திருந்த அவர் படம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதற்காகத் தங்கச்சாமி தன் கல்யாண மண்டபத்தில் விழா எடுத்து, 'குளிர் போக்கிய வள்ளல்' என்று பட்டமும் கொடுத்துப் போர்த்திய பொன்னாடை அது.

சம்பந்தி செய்த மரியாதை சாக்கடைக் குழாயில் கிடக்கிறது. அதுவும் அவர் கண் முன்னாலேயே! பெண் கொடுத்தவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், ராஜபாளையத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

"ஏட்டி பரிபூரணம்! இங்க வா. பீரோவுல இருந்த பொன்னாடை எப்படி அம்புட்டுத் தூரம் போச்சு?"

அடுப்படியிலிருந்து மனைவி நிதானமாக வந்தாள்.

"நாந்தான் குடுத்துவிட்டேன். ஊறுகாய் பாட்டில் உடையக் கூடாதுல்லா? சுத்தி வச்சேன். பீரோவைத் திறந்தா பொன்னாடையாச் சரியுது. ஒரு சேலை வைக்க இடமில்லை."

"அதுக்கு இதையா எடுப்பே? இது சம்பந்தி போட்டதுட்டி!"

"யாரு போட்டதுன்னு அதுல எழுதியா இருக்கு?"

தங்கச்சாமி தொண்டையைச் செருமினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுயம்புலிங்கத்துக்கு வந்த எரிச்சல் அம்புட்டும் மகன் மேல் பாய்ந்தது.

"படிச்சு என்னலே பிரயோசனம்? குழாய்க்கா குளிருது?"

"ஆமாப்பா, குழாய்க்குத்தான். கோவப்படாமக் கேளுங்க. இங்க வீட்டைச் சூடாக்க பாய்லர் இருக்கு. அது வேர்த்து விடுற தண்ணி, சொட்டுச் சொட்டா இந்தக் குழாய் வழியா வெளிய வரும். பனியில அது உறைஞ்சு அடைச்சிக்கிட்டா பாய்லர் தானா நின்னுரும். பொறவு வீடு ஐஸ் பெட்டிதான்."

"வெந்நியை ஊத்து!"

"ஊத்தியாச்சு. கொதிக்கக் கொதிக்க ஊத்துனா குழாய் விண்டுரும்னு வெதுவெதுன்னு ஊத்தி உருக்கிட்டேன். மறுபடி உறையாம இருக்கணும்னா போர்த்தி வைக்கணும்லா?"

"எதுக்கெடுத்தாலும் ஒரு பதில் வச்சிருக்கான் பாரு! ஏலே, அந்த ஊர்க் கடையில அதுக்குன்னு ஒண்ணுமே விக்கலையா?"

"உறை விக்கும்பா. ஒண்ணு முன்னாலேயே வாங்கி மாட்டிட்டேன். இன்னொண்ணு வாங்கலாம்னா, பனி ரோட்டையே மூடிக் கிடக்கு."

"இன்னொண்ணா? உன் வீட்டுக்கு எத்தனை பாய்லர்லே?"

வினோத் போனைத் திருப்பினான். அதே சுவரில் கொஞ்சம் தள்ளி இன்னொரு குழாய். அதற்குக் கறுப்பு உறை கச்சிதமாக மாட்டியிருந்தது.

"இதுதான்பா நம்ம வீட்டுக் குழாய்."

"அப்ப அது?"

"நம்ம வீட்டை ஒட்டுன பக்கத்து வீட்டு ஆச்சியோடது. தள்ளாத வயசு, ஒண்டிக்கட்டை. இன்னைக்கு விடிஞ்சும் ஜன்னல் திரையை விலக்கலையேன்னு போய்ப் பார்த்தேன். கோட்டை மாட்டிக்கிட்டு அடுப்படியில நடுங்கிட்டு உக்காந்திருந்தாவ. வாய் குழறுது. பாய்லர் ராவோட நின்னுபோச்சு. கைக்கு வேற எதுவும் அகப்படலைப்பா."

பொன்னாடை சுற்றிய குழாய்க்கு மேலே, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நரைத்த தலை தெரிந்தது. ஒரு கையில் டீக் கோப்பை. இன்னொரு கை போனைப் பார்த்து அசைந்தது.

சுயம்புலிங்கத்தின் கை தானாக உயர்ந்தது. சம்பந்தி பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்ததும் பாதியில் நின்றது.

"தப்புன்னா சொல்லுங்கப்பா. இப்பவே கழட்டிருதேன்," என்றான் வினோத்.

கழட்டு என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இருக்கட்டும் என்று சொன்னால் சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று பயமாக இருந்தது. திருதிருவென்று தங்கச்சாமியைப் பார்த்தார்.

தங்கச்சாமி போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"கழட்டிராதீய மாப்ளே. நான் போட்ட பொன்னாடையில ஒருத்தர் குளிரைப் போக்குனது இது ஒண்ணுதான்."