ஆகாச கருடன் தொங்கும் வாசல்

அன்று காலை வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர்: பெரியவர் சிவசைலம், அவர் மனைவி உலகம்மாள், மகன் குற்றாலம், வந்து இரண்டு மாதமே ஆன மருமகள் செண்பகம், மூலிகை எடுக்கும் மாடப்பன்.

கல்யாணத்துக்காக அந்த வீட்டில் முதன்முதலாகக் கட்டிய ஆகாச கருடன் கிழங்கு நிலைக்கு மேலே கருகித் தொங்கியது. மண்ணும் தண்ணீரும் இல்லாமல், காற்றைக் குடித்தே முளைவிடுகிற கிழங்கு அது. வீட்டில் கெட்டது இருந்தால்தான் சாகும். காப்புக் கட்டி, நகம் படாமல் தோண்டிய புதுக் கிழங்கை மாடப்பன் கட்டினான்.

"ஒவ்வொருத்தரா அடியில போங்க. பாவம் செஞ்ச ஆள் போனா முளை துவண்டுரும்."

"ஏட்டி, நீ போ முதல்ல," என்றாள் உலகம்மாள். "ரெண்டு மாசத்துல கிழங்கையே தின்னுட்டியே."

"துவண்டுச்சின்னா வண்டி சொல்லுங்க அத்தை. நானே அம்மா வீட்டுக்குக் கெளம்புதேன்."

துவளட்டும் என்று சிவசைலம் உள்ளுக்குள் கெஞ்சினார். செண்பகம் உள்ளே போனாள். விரல் நீளப் பச்சை முளை நிமிர்ந்தே நின்றது. குற்றாலம் போனான். உலகம்மாள் போனாள். முளை அசையவில்லை.

"வாங்க மாமா," என்று உள்ளேயிருந்து செண்பகம் கூப்பிட்டாள்.

கிணற்றுக்குள்ளிருந்து தன்னை அண்ணாந்து பார்த்த தம்பியின் முகம் இருபது வருடத்துக்குப் பிறகு அவர் கண்முன் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். நெஞ்சை நிமிர்த்தி ஓர் அடி வைத்தார். பிறகு திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

மூட்டுவலியால் முன்படி ஏற முடியாமல்தான் பெரியவர் இன்றும் புறவாசல் வழியாகப் போய்வருகிறார் என்று தெருவில் சொல்கிறார்கள். அவருக்கு மூட்டுவலி கிடையாது. புறவாசலில்தான் படி அதிகம்.