கம்பத்தின் மேல் ஷர்மினி

கடல் பக்கம் மேகம் கறுத்துக் கிடக்கிறது. கெலுகோர் சாலையோரம் நிற்கும் லாரியின் மேலிருந்து ஒரு நீண்ட ஏணி விளக்குக் கம்பத்தில் சாய்ந்திருக்கிறது. அதன் உச்சிப் படியில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி நின்று கட்சிக் கொடியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். காரை விட்டு இறங்கிய குமுதா அப்படியே நின்றுவிடுகிறார். தேர்தல் வேலையில் குழந்தைகளை இறக்குவதைக் குற்றமாக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் ஓயாமல் வாதாடிய ‘வைபி’ அவர்; நாடாளுமன்ற உறுப்பினர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். மேலே பறப்பது அவருடைய கட்சிக் கொடி. காற்று எழும்போதெல்லாம் ஏணி கம்பத்தில் மோதிக் கணீரென்கிறது.

“யார் பிள்ளை, தயாளன்?”

“நம்ம பிள்ளைதான் லா, வைபி. ஷர்மினி.” கட்சியின் கிளைத் தலைவர் தயாளன் லாரியில் நின்றபடி ஒரு கையால் ஏணியைப் பிடித்திருக்கிறார். மறு கையில் உயர்த்திய கைப்பேசி மகளைப் படம் பிடிக்கிறது. “நான் ஏறுனா ஏணி தாங்குமா? எதிர்க்கட்சிக்காரனுங்க கொடிக்கு மேல நம்ம கொடி பறக்கணும்ல!”

“ரெண்டு கையாலயும் பிடிங்க. முதல்ல அவள இறக்குங்க!”

“சத்தம் போடாதீங்க வைபி, பயந்துருவா.”

முதல் துளிகள் லாரியின் தகரத்தில் தெறிக்கின்றன. அலுமினியப் படிகள் நனைந்து மின்னுகின்றன. கொடி விரிந்து சிறுமியின் முகத்தை மூடுகிறது. தலையை உதறி அதை விலக்கிவிட்டு அவள் கீழே பார்க்கிறாள். இத்தனை நாள் சுவரொட்டிகளில் மட்டும் பார்த்த முகம் நேரில் நிற்பது தெரிந்ததும் வாயெல்லாம் சிரிப்பாகிறது.

“வைபி!” என்று கூவி, கம்பத்தைப் பிடித்திருக்கும் கையை எடுத்து ஆட்டுகிறாள்.