ஓரத்தில் ஒரு துளை

"பேரு என்னன்னு போடட்டும் அக்கா?"

கேட்டவள் பெர்மெத். ஓஷ் பஜாருக்குப் பின்னால், பித்தளைத் தகட்டில் லேசரால் உருவம் வெட்டித் தரும் சின்னக் கடையில் படம் வரைகிறவள். கேள்வி சாதாரணக் கேள்விதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த அனார்கானுக்குப் பதில் சொல்ல அரை நிமிடம் ஆயிற்று.

"சாய்ரா."

பொய்ப் பெயர். வெயிலே எட்டிப் பார்க்காத அந்தக் காலையில் அவள் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியும், மகன் போட்டோ காட்டியிருந்தால் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான். இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று மகன் திலெக் மூன்று மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறான். வருகிற சனிக்கிழமை அனார்கான் பெண் வீட்டுக்குப் போய், பெண்ணின் காதில் தோடு போட வேண்டும். பையனின் தாய் தோடு போட்டுவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. அனார்கான் இன்னும் தோடும் வாங்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. ஒரே ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று வேவு பார்க்க வந்திருந்தாள்.

கோட்டுக்கு இரண்டு பெரிய பித்தளைப் பொத்தான் வேண்டும், வட்டத்துக்குள் கிடாக்கொம்பு வெட்டியிருக்க வேண்டும் என்று சொன்னாள். சாக்குதான் என்றாலும் பிசகாத சாக்கு. முப்பது வருஷமாகக் கோட்டு தைத்து விற்கிறவளை, பொத்தான் விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது.

பெர்மெத் முதலில் தேநீர் கொடுத்தாள். கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினாள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். அதில் குறை சொல்ல வழியில்லாமல் போனதில் அனார்கானுக்குக் கொஞ்சம் வருத்தம்.

திரையில் ஒற்றைக் கொம்பு வளைந்தது. அதையே புரட்டிப் போட்டதும் ஜோடிக் கொம்பு வந்தது. இரண்டையும் நெருக்கி வைத்து பெர்மெத் ஒரு தட்டுத் தட்டினாள். நடுவில் இருந்த கோடு போய் ஒரே உருவமாகிவிட்டது.

"ஒண்ணா சேந்ததைத் திரும்பப் பிரிக்க முடியுமா?" என்று கேட்டாள் அனார்கான்.

"ஃபைலை மூடிட்டா முடியாதுக்கா. அதான் சேக்கறதுக்கு முன்னாலயே ஒரு நகல் எடுத்து வெச்சுக்குவேன்."

சேரும்போதே பிரிய வழி வைத்துக்கொள்கிறவள். அனார்கான் அதை மனசுக்குள் குறித்துக்கொண்டாள். குறை என்று சொல்ல முடியாவிட்டாலும் குறைக்குப் பக்கத்து வீடு.

பெர்மெத் அடுத்ததாக ஒரு வட்டம் போட்டு, அதைக் கொம்புக்கு அடியில் தள்ளினாள். வட்டம் மேலே இருந்தால்தான் என்ன என்று அனார்கான் விடாமல் கேட்டாள்.

"ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிக்கும்போது மேல இருக்கறது கீழ இருக்கறதை வெட்டிடும்க்கா. வட்டம் மேல இருந்தா கொம்பு மொத்தமா காணாமப் போயிடும். கொம்பு மேல இருந்தாத்தான் வட்டத்துல கொம்பு மாதிரி ஓட்டை விழும்."

"மேல இருக்கறவ வெச்சதுதான் சட்டம். மாமியார் மாதிரின்னு சொல்லு."

"எனக்கு இன்னும் மாமியார் வரலையேக்கா. வந்ததும் பாத்துட்டுச் சொல்றேன்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். அனார்கானுக்குச் சிரிப்பு வந்து தேநீர் புரையேறிவிட்டது. சிரித்த பிறகுதான் தன் மேலேயே கோபம் வந்தது. வந்த வேலை என்ன, இங்கே உட்கார்ந்து இளித்துக்கொண்டிருப்பது என்ன?

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பெர்மெத் வட்டத்தின் உச்சியில், விளிம்பை ஒட்டி, கடுகளவு இன்னொரு வட்டம் வைத்துக் கழித்தாள். ஊசித்துளை ஒன்று விழுந்தது.

"இது எதுக்கு?"

"துளை வேணும்லக்கா."

அனார்கான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொத்தானுக்குத் துளை நடுவுல வரணும்மா. ரெண்டு வேணும். ஓரத்துல ஒண்ணு வெச்சா பொத்தான் தொங்கும்."

"தொங்கட்டும்க்கா. அதுதான் அழகு."

அனார்கான் எத்தனையோ எடுத்துச் சொன்னாள். முப்பது வருஷத் தையலையும் சொன்னாள். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாளே தவிர துளையை நகர்த்தவில்லை. ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் வேறு வெட்டித் தருகிறேன் என்றாள். லேசர் வெட்டியதும் இரண்டையும் உள்ளே கொண்டுபோய்த் துடைத்து, கவரில் போட்டு, வாயை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அனார்கான் கவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லாமல் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஒன்றுக்கு இரண்டாகக் குறை கிடைத்துவிட்டது: தொழிலும் தெரியவில்லை, சொல்பேச்சும் கேட்கவில்லை. ஆனாலும் நினைத்த அளவுக்குச் சந்தோஷமாக இல்லை. அந்த மாமியார் பேச்சு வேறு நினைவுக்கு வந்து மறுபடி சிரிப்பு மூட்டியது. மனசு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மகனுக்குப் போன் போட்டாள்.

"உன் பொண்ணைப் பாத்துட்டு வரேன்டா. பொத்தானுக்குத் துளை எங்க வரும்னுகூடத் தெரியலை. சொன்னாலும் கேக்கலை. இது நமக்குச் சரிப்படாது."

திலெக் பதறவில்லை. "கவரைப் பிரிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

கவர் விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே அனார்கான் அதைக் கிழித்தாள். இரண்டு பித்தளை வட்டங்களும் உள்ளங்கையில் விழுந்தன. ஓரத்துத் துளை ஒவ்வொன்றிலும் காதில் மாட்டுகிற மெல்லிய வெள்ளிக் கொக்கி ஒன்று கோத்திருந்தது.

கவரின் மேல் 'சாய்ரா' என்ற பெயர் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டு, அதன் கீழே எழுதியிருந்தது: 'அனார்கான் அத்தைக்கு. சனிக்கிழமை வரும்போது மறக்காம எடுத்துட்டு வாங்க.'